ஒரே பாடல், வேறு வேறு காது: பாணி, ஒலி, வரி மூன்றும் கேட்பவரை என்ன செய்கின்றன?

முருகன் பாடல் ஒன்றை விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் கேட்டால் மனம் அடங்குகிறது. அதே பாடல் தைப்பூசத்தன்று உறுமி மேளத்தோடு வந்தால் கால் தானாக ஆடுகிறது. கல்யாண மண்டபத்தில் கீபோர்டு வாசிப்பில் வந்தால் அது பின்னணிச் சத்தமாகி, யாரும் கவனிக்காமல் போகிறது. மூன்று இடத்திலும் மெட்டு ஒன்றுதான், சொல்லும் ஒன்றுதான். மாறியது கேட்பவரின் அனுபவம் மட்டுமே.

இது ஏன் நடக்கிறது என்ற கேள்வி, ராசா, பத்தாங் காலி, கோல குபு பாரு தொடங்கி பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வரை பரந்து கிடக்கும் வட சிலாங்கூர்த் தோட்டச் சமூகத்துக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வியல்ல. கோயில் திருவிழாவில் உறுமி மேளம் என்ன வாசிக்கலாம், பாட்டிமார் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் எப்படிக் காப்பது, பிள்ளைகள் கேட்கும் தமிழ் ராப் பாட்டுத்தானா என்ற சச்சரவுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான்.

மூன்று வாசல்கள்

ஒரு பாடல் கேட்பவரிடம் மூன்று வழியாக வந்து சேர்கிறது.

முதலாவது பாணி. கர்நாடக இசை, நாட்டுப்புறம், திரையிசை, கானா, ராப் என்று எந்த வகையைச் சேர்ந்தது, எந்தக் காலத்தது, எந்த ஊர்க்காரர் பாடுவது என்பதை இது சொல்லிவிடும்.

இரண்டாவது ஒலி. குரலின் கரகரப்பு, கருவியின் நாதம், தாளத்தின் வேகம், சத்தத்தின் அளவு, அது வரும் இடம் எல்லாம் இதில் அடங்கும்.

மூன்றாவது வரி. பாட்டின் சொல், பொருள், எதுகை, பேச்சு வழக்கு ஆகியவை.

இவை தனித்தனியாக வருவதில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் வந்தாலும், காது அவற்றை ஒரே வேகத்தில் பிடிப்பதில்லை. எது முந்துகிறது, எது ஆழமாகப் பதிகிறது என்பதில்தான் அனுபவத்தின் வேறுபாடு இருக்கிறது.

பாணி: கண்ணிமைக்கும் நேரத்தில் தெரிந்துவிடும்

மூன்றிலும் முந்துவது பாணி. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜெர்டிங்கனும் பெரட்டும் நடத்திய சோதனையில், கால் நொடி மட்டுமே ஒலித்த இசைத் துண்டைக் கேட்டே பலரும் அது எந்த வகை இசை என்று சொல்ல முடிந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்சல் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 0.4 நொடித் துண்டிலிருந்தே கால் பங்குக்கும் மேற்பட்ட பாடல்களின் பெயரையும் பாடியவரையும் கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள். அரை நொடிக்குள் ஒரு சொல்கூட முழுதாக வராது. மெட்டும் தொடங்கியிருக்காது. இருந்தும் காது முடிவு செய்துவிடுகிறது.

வானொலியைத் திருகும்போது நாம் எல்லாரும் செய்வதும் இதுதான். மின்னலோ ராகாவோ, ஒரு நொடி கேட்டதும் இது இளையராஜா காலத்துப் பாட்டு, இது உள்ளூர்ப் பாட்டு, இது பக்திப் பாட்டு என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்த அந்த நொடியிலேயே மனம் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்குகிறது.

இந்த எதிர்பார்ப்பைத்தான் லெனர்டு மேயர் 1956-இல் எழுதிய இசையும் உணர்ச்சியும் பற்றிய நூலில் மையமாக வைத்தார். எதிர்பார்த்தது தாமதமாக வந்தாலோ, வேறு மாதிரி வந்தாலோ அங்கே உணர்ச்சி பிறக்கிறது என்பது அவர் வாதம். பின்னர் 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிடித்த பாட்டில் உச்சகட்டம் வருவதற்கு முன்பே, அதை எதிர்பார்க்கும் நேரத்திலேயே, மூளையில் டோபமின் சுரப்பதைக் காட்டினார்கள். உச்சம் வரும்போது மூளையின் வேறொரு பகுதியில் மீண்டும் சுரக்கிறது. பல்லவி திரும்பி வரும் இடத்துக்குக் காத்திருப்பதும் இன்பம், அது வந்து சேர்வதும் இன்பம்.

ஆனால் எதிர்பார்க்க வேண்டுமானால் அந்தப் பாணியோடு பழகியிருக்க வேண்டும். ஆலாபனை பழகாத காதுக்கு அது ஒரே இழுவையாகத் தோன்றும். ராப் பழகாத காதுக்கு அது வேகமான பேச்சாகத் தோன்றும். இரண்டு பேரும் இசை அறியாதவர்கள் அல்லர். அடுத்து வரப்போவதை ஊகிக்கும் பழக்கம் அந்தந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பழக்கம் இல்லாமலும் சில உணர்ச்சிகள் எட்டும். கேமரூன் நாட்டின் மாஃபா இன மக்கள் மேற்கத்திய இசையைக் கேட்டதே இல்லை. ஆனாலும் அதில் மகிழ்ச்சி எது, சோகம் எது, அச்சம் எது என்று ஊகிக்க அவர்களால் முடிந்ததை 2009-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கனடியர்களுக்கு இந்துஸ்தானி ராகங்களைப் போட்டுக் காட்டிய 1999-ஆம் ஆண்டு ஆய்விலும், மகிழ்ச்சியையும் சோகத்தையும் சினத்தையும் அவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். அடிப்படை உணர்ச்சி எல்லை தாண்டும். அதற்கு மேல் உள்ள நுணுக்கம் பழகினால்தான் வரும்.

ஒலி: காதுக்கு மட்டும் அல்ல, உடம்புக்கும்

உறுமி என்ற பெயரே அதன் ஒலியிலிருந்து வந்தது. இடை சுருங்கிய, இரண்டு முகம் கொண்ட தோற்கருவி அது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தால் உறுமும். மறு முகத்தை நேர்க் குச்சியால் அடித்தால் தாளம் வரும். தேய்ப்பதால் வரும் அந்த நீண்ட முனகல் மற்ற மேளங்களில் கிடைக்காது. விலங்கின் உறுமலுக்கும் மனிதர் விம்மலுக்கும் நடுவில் நிற்கும் ஒலி அது. சாமி வந்து ஆடுவோர் அந்த ஒலிக்குத் தனியாக இணங்குவதைத் தோட்டத்துக் கோயில்களில் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இசை எப்படி உணர்ச்சியை எழுப்புகிறது என்பதை சுவீடனின் ஜஸ்லினும் வெஸ்ட்ஃபியாலும் 2008-இல் ஆறு வழிகளாகப் பிரித்தார்கள். திடீர் ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் அனிச்சை, பழக்கத்தால் ஏற்பட்ட தொடர்பு, குரலின் உணர்ச்சி தொற்றிக்கொள்வது, மனக்காட்சி, சொந்த நினைவு, இசை எதிர்பார்ப்பு என்பவை அந்த ஆறு. உறுமி மேளத்தை இந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் பலவும் ஒரே நேரத்தில் வேலை செய்வது தெரியும். அடி அதிர வைக்கிறது, உறுமல் விம்மலைப் போல் தொற்றுகிறது, கோயிலோடு சேர்ந்த பழக்கம் பக்தியை எழுப்புகிறது, சிறுவயதில் காவடிக்குப் பின்னால் நடந்த நினைவும் வருகிறது.

தாளத்துக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு இன்னும் நேரடியானது. சீரான தாளத்தைக் கேட்கும்போது, உடல் அசையாமல் இருந்தாலும், அசைவை நடத்தும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்வதை கிரானும் பிரெட்டும் 2007-இல் காட்டினார்கள். உட்கார்ந்திருப்பவர் தொடையில் தாளம் போடுவது இதனால்தான்.

காதுக்கே எட்டாத ஒலியும் வேலை செய்யும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு மின்னிசைக் கச்சேரியில், மிகத் தாழ்ந்த அலைவரிசை ஒலிபெருக்கிகளை இரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அந்த ஒலியைக் கேட்டு உணரவே முடியாத நிலையில், அது போடப்பட்ட நேரங்களில் கூட்டம் ஏறக்குறைய 12 விழுக்காடு அதிகமாக ஆடியது. 2022-இல் வெளிவந்த முடிவு இது. மேளத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு நெஞ்சுக்கூடு அதிர்வதும், அதே மேளத்தைக் கைப்பேசியில் கேட்டால் எதுவும் நடக்காததும் ஏன் என்பதை இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

ஒலியின் இந்த ஆற்றலுக்கு எல்லையும் உண்டு. பொழுதுபோக்கு இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் தரம் வகுத்தது. ஒலிபெருக்கிக்கு முன்னால் பல மணி நேரம் நிற்கும் பிள்ளைகளின் செவிக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

வரி: சோகத்தில்தான் அதன் பலம்

பாட்டென்றால் வரிதான் என்று தமிழர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆய்வு சொல்வது சற்று வேறு. ஒமர் அலியும் பேனர்ஜியோலுவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியை எழுப்புவதில் மெட்டின் பங்கே வரியின் பங்கைவிடக் கூடுதலாக இருந்தது. மகிழ்ச்சியான அல்லது அமைதியான இசையில் வரி சேர்ந்தபோது உணர்ச்சி சற்றுக் குறைந்தது. சோகமான அல்லது சினமான இசையில் வரி சேர்ந்தபோது உணர்ச்சி கூடியது. 2011-இல் மூளைப் படங்களோடு செய்யப்பட்ட மற்றோர் ஆய்வும் சோகப் பாடலில் வரியின் பங்கு பெரிது என்றே கண்டது.

தோட்டத்துப் பாட்டுகளைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. கும்மியில் ஒரு சொல் மறந்தால் வேறு சொல் போட்டுக்கொள்ளலாம், கைத்தட்டல் நிற்காது. ஒப்பாரி அப்படியல்ல. இறந்தவரின் பெயர், உறவு, அவர் கட்டிய வீடு, அவர் விட்டுப்போன பிள்ளை என்று ஒவ்வொரு சொல்லும் இன்னாருக்கு உரியது. பாடுபவர் அங்கேயே கட்டிப் பாடுகிறார். மெட்டு எல்லாருக்கும் பொது, வரி ஒருவருக்கு மட்டும். கூட்டத்தை அழ வைப்பது அந்தச் சொந்தச் சொல்தான்.

தாலாட்டில் நிலைமை தலைகீழ். கைக்குழந்தைக்குச் சொல் புரியாது. அதற்குப் போய்ச் சேர்வது குரலின் மென்மையும் தொட்டிலின் ஆட்டமும்தான். கர்நாடக இசையில் தாலாட்டுக்கு நீலாம்பரி ராகத்தைச் சேர்த்துச் சொல்வதும் இந்த மென்மையால்தான். அப்படியானால் தாலாட்டில் வரி யாருக்கு? பாடுகிற தாய்க்கு. மாமன் வரவில்லை, சீர் வரவில்லை, கப்பலேறி வந்த ஊரில் கேட்க நாதியில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாததைக் குழந்தையிடம் சொல்லிக்கொள்ள அந்தப் பாட்டு இடம் கொடுத்தது.

தோட்டத்தில் பாட்டு எங்கே இருந்தது?

கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. அதைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே, பின்னர் மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் விருதைப் பெற்றார். அவர் காலத்தில் ரப்பர்தான் அரசன். செம்பனை பின்னால்தான் ரப்பரை வென்றது.

பால்மரம் வெட்டுவது தனியாள் வேலை. பெரட்டு முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு நிரை என்று பிரிந்து போய்விடுவார்கள். நாற்று நடவில் போலப் பலர் ஒரே தாளத்தில் குனிந்து நிமிரும் வேலையல்ல. எனவே கூட்டுப் பாட்டுக்கு இடம் காட்டைவிட லயத்திலும் கோயிலிலும் அதிகம். கும்மி, கோலாட்டம், கரகம், பஜனை, துக்க வீடு, சடங்கு வீடு எல்லாம் லயத்தைச் சுற்றியே நடந்தன. ஒரு வீட்டில் பாடினால் அடுத்த வீட்டில் கேட்கும். கேட்டுக் கேட்டே பிள்ளைகள் கற்றார்கள்.

1946-இல் மலாயா வானொலி அமைந்தபோது அதன் நான்கு மொழிகளில் தமிழும் ஒன்று. வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாத காலத்தில் ஒரு பெட்டியைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து கேட்டார்கள். திரைப்பாடல் தோட்டத்துக்குள் வந்தது அப்படித்தான். கேட்பது அப்போதும் கூட்டுச் செயலாகவே இருந்தது. காதுக்குள் செருகிக்கொண்டு தனியாகக் கேட்பது வெகு பின்னால் வந்த பழக்கம்.

தமிழ் மரபு முன்பே பிரித்து வைத்தது

இந்த மூன்று வாசல்களைத் தமிழ் மரபு அறியாதது அல்ல. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, மரம் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி என்று உரைகள் வகைப்படுத்தும். ஒரு நிலத்தின் ஒலி அந்த நிலத்தின் சோற்றைப் போல அதற்குரியது என்பது இதன் பொருள்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்களை வரிசைப்படுத்துகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும் என்று தனித்தனியே சொல்கிறது. வரிக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர், நாதத்துக்கு ஒருவர். ஒருவர் சரிந்தால் அரங்கு சரியும் என்பதை அந்தக் காலம் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தது.

ஒரு மெட்டு, இரண்டு தலைமுறை

மலேசியத் தமிழருக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கைவசமே இருக்கிறது. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையில், வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய 'மடை திறந்து', வாய்ப்புத் தேடும் இசைக் கலைஞன் ஒருவனின் கனவைச் சொல்லும் பாட்டு. யோகி பி, நட்சத்திரா குழுவோடு 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பில் அதே மெட்டு ராப்பாகத் திரும்பி வந்தது. தொண்ணூறுகளில் பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்த யோகி பியோடு டாக்டர் பர்னும் எம்சி ஜெஸ்ஸும் சேர்ந்த தொகுப்பு அது. தமிழ்நாட்டிலும் பெரிதாகப் பேசப்பட்டது.

அந்தப் பாட்டில் மூன்று வாசல்களும் வெவ்வேறு வழியில் திறந்தன. பெற்றோருக்கு மெட்டு பழக்கம், பிள்ளைகளுக்குத் தாளமும் பாணியும் பழக்கம். தமிழிலும் ராப் இவ்வளவு அழுத்தமாக வரும் என்பது இரு தலைமுறைக்கும் புதிது. கலைஞனின் கனவைச் சொன்ன பாட்டு, இன்னோர் ஊரில், இன்னொரு தலைமுறைக் கலைஞர்களின் கனவாகவே மாறிப்போனது.

பெற்றோர் பாட்டு பிள்ளைகளுக்குள் இறங்குவதை ஆய்வும் உறுதி செய்கிறது. கிரம்ஹான்சலும் சுப்னிக்கும் 2013-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தபோது, அவர்கள் தங்கள் காலப் பாடல்களோடு, தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களிலும் தனிப் பற்று காட்டினார்கள். பாட்டி தாத்தா காலத்து அறுபதுகளின் பாடல்களிலும் ஒரு சிறு ஏற்றம் தெரிந்தது. வீட்டில் ஒலித்தது பிள்ளையின் நினைவிலும் தங்குகிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. அது வீட்டில் ஒலித்திருக்க வேண்டும்.

திருவிழாத் தகராறில் யார் சரி?

உறுமி மேளக் குழுக்கள் சினிமா மெட்டில் வாசிக்கின்றன, பக்தி போய்விட்டது என்பது ஆண்டுதோறும் எழும் குறை. சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்குத் தடை இருந்தது. 2016-இல்தான் குறிப்பிட்ட மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. பத்துமலையில் அப்படிப்பட்ட முழுத் தடை இல்லை. அதனால்தான் இங்கே கேள்வி சட்டத்தின் கையில் இல்லாமல் சமூகத்தின் கையில் இருக்கிறது.

இரு தரப்பும் கேட்பது ஒரே மேளத்தைத்தான். ஆனால் பெரியவர் அந்த மெட்டைக் கேட்டதும் அதன் மூலப் படக்காட்சியும் வரியும் நினைவுக்கு வருகின்றன. சொல்லே இல்லாமல் வாசித்தாலும் அவர் காதில் அந்தச் சொல் ஒலிக்கிறது. இளைஞருக்கு முதலில் எட்டுவது ஒலி. காவடி சுமப்பவரின் அடியும் மேளத்தின் அடியும் ஒன்றாவதையே அவர் கேட்கிறார். பெரியவர் வரி வழியாகவும் இளைஞர் ஒலி வழியாகவும் நுழைகிறார்கள். ஒருவர் பொய் சொல்கிறார் என்று இன்னொருவர் நினைக்க வேண்டியதில்லை.

இதைப் புரிந்துகொண்டால் பேச்சுக்கு வழி பிறக்கும். மேளத்தை நிறுத்து என்பதற்குப் பதிலாக, மெட்டை மாற்று என்று கேட்கலாம். உறுமியின் ஒலியும் வேகமும் அப்படியே இருக்க, காவடிச் சிந்து மெட்டுகளையும் பழைய அம்மன் பாடல்களையும் குழுக்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆட வைப்பது சினிமா மெட்டு அல்ல, தாளம்தான் என்பதால் இளைஞருக்கு இழப்பு இல்லை. பெரியவருக்கும் உறுத்தல் இல்லை.

லயம் போனபின் எதைக் காப்பது?

கடந்த பல ஆண்டுகளில் வட சிலாங்கூர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய 5 தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காக நடத்திய நீண்ட போராட்டம் இந்த வட்டாரம் அறிந்தது. வீடு கிடைப்பதே முதல் தேவை. ஆனால் லயம் கலைந்து, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறியபோது, அடுத்த வீட்டுப் பாட்டைக் கேட்டுக் கற்கும் வாய்ப்பும் சேர்ந்து போனது. ஒப்பாரி பாடுபவரின் குரல் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவாகத் தெரியும் இடத்தில் அது நீடிக்காது.

தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தவர்கள் உண்டு. தன்வரலாற்றில் 'நாடு விட்டு நாடு' வந்த குடும்பக் கதையைச் சொன்ன முத்தம்மாள் பழனிசாமி, நாட்டுப்புறப் பாடல்களையும் சேர்த்து வைத்தவர். அச்சில் வந்தவை அரிய செல்வம். ஆனால் அச்சு காப்பது மூன்றில் ஒன்றை மட்டுமே. வரி தாளில் நிற்கும். குரல் எந்த இடத்தில் உடைந்தது, எங்கே மூச்சு வாங்கினார், எந்தச் சொல்லை இழுத்தார், கூட இருந்தவர் எங்கே குரல் கொடுத்தார் என்பது தாளில் நிற்காது.

இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, அது கைப்பேசி. பாட்டி பாடும்போது சொல்லை எழுதிக்கொள்வதோடு நிறுத்தாமல், முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். நடுவில் நிறுத்தாமல், பின்னணி இசை சேர்க்காமல், பாடியவர் பெயர், தோட்டம், யாரிடம் கற்றார், எந்தச் சடங்குக்குப் பாடுவது என்ற விவரத்தோடு பதிவு இருந்தால் நாளை ஆய்வாளருக்கும் பேரப்பிள்ளைக்கும் அது பயன்படும். ஒப்பாரியைத் துக்கமில்லாத வீட்டில் பாடச் சொல்லக் கூடாது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அதை மதித்து, பாடுபவரின் சம்மதத்தோடும் அவர் சொல்லும் இடத்திலும் மட்டுமே பதிவு செய்வது முறை.

தமிழ்ப்பள்ளிகளில் நாட்டுப்புறப் பாடல் போட்டி நடக்கும்போது நடுவர்கள் உச்சரிப்புக்குப் புள்ளி கொடுக்கிறார்கள். குரலின் பாங்குக்கும் தாளத்துக்கும் அதே அளவு மதிப்புக் கொடுத்தால், பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்காமல் பாடிப் பழகுவார்கள். அதற்கு முதலில் அவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். ராசாவிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் அதைப் பாடிக் காட்டக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.